படத்தில் இல்லாத ஆறு வரிகள்

அண்ணே,

இன்று காலை வசந்தி தையல் மெஷினைத் துடைக்க ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தாள். வசந்தி என் தம்பி மகள். புக்கிட் காதிலில் அவள் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். அவள் தேய்க்கத் தேய்க்க வாசனை முன்னறை முழுக்கப் பரவியது. "அத்தை, தலை வலிக்கும், வெளிய எடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றேன். அச்சடித்து முடித்ததும் ஈய எழுத்துகளை நீங்கள் மண்ணெண்ணெயில்தான் கழுவுவீர்கள். சனிக்கிழமை மதியம் காஜா பேராங் சாலையில் உங்கள் கடையைத் தாண்டிப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

நேற்று மாலை உங்களைப் பற்றிய படத்தை ஆயர் குரோவில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். படத்தில் உங்கள் அச்சகம் பெரிதாக, வெளிச்சமாக இருந்தது. பாதிக் கடையில் நீங்களும் மறு பாதியில் சீனர் ஒருவருடைய சைக்கிள் பட்டறையும் இருந்தது யாருக்கும் தெரியவில்லை போலும். உங்களாக நடித்தவர் ஆறடி இருப்பார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. நீங்கள் என் தோள் உயரம்தானே. மை படிந்த காற்சட்டை ஒன்று, அதை விட்டால் இன்னொன்று.

கடைசியில் விசாரணைக் காட்சி. அந்த நடிகர் மேசை முன்னால் நின்று பேச்சுரிமை பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மண்டபம் எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன். முன்வரிசையில் இருந்துகொண்டு தட்டாமல் இருக்க முடியவில்லை. உண்மையில் அன்று நீங்கள் சொன்னது, "பேப்பர் என்னுது, பொறுப்பும் என்னுது" என்பது மட்டும். அதற்குள் இருமல் வந்துவிட்டது என்று நீங்களே சொன்னீர்கள்.

படம் எடுத்த பெண் தர்ஷினி நல்ல பிள்ளை. மூன்று முறை வீட்டுக்கு வந்து என் பேச்சைப் பதிவு செய்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பற்றி நீங்கள் போட்ட அந்த ஆறு வரியையும் சொன்னேன். படம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது, அது எங்கே அம்மா என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு.

"பாட்டி, அதை ஷூட் பண்ணினோம். எடிட்டிங்ல எடுத்துட்டேன். அது இருந்தா அவர் மேல ஜனங்களுக்கு இருக்கிற மரியாதை குழம்பிடும். இது பேச்சுரிமை பத்தின படம் பாட்டி."

எனக்குக் கால் வலித்தது. வசந்தியிடம் வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

அந்த ஆறு வரி எனக்கு இன்னும் மனப்பாடம். உங்கள் 'எறும்பு' பத்திரிகை வாரம் ஒருமுறை நான்கு பக்கத்தில் வரும். மூன்றாம் பக்கத்தில் 'காதில் விழுந்தவை' என்று ஒரு பத்தி. ஊரே உங்களைத் திட்டிக்கொண்டு அதைத்தான் முதலில் படிக்கும். கோயில் கமிட்டியில் யார் யாரை அடித்தார், எந்தக் கடையில் எடைக்கல் குறைவு, எந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி யார் வீட்டுக்குப் போகிறார், எல்லாம் வரும். பாதி உண்மை, பாதி யாரோ டீக்கடையில் சொன்னது. "எறும்பு கடிக்கும், ஆளைக் கொல்லாது" என்று பெருமையாகச் சொல்வீர்கள். கொல்லாது என்பது உங்கள் கணக்கு.

'நம் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் மணி அடித்துப் பிள்ளைகள் போன பின்னும் இளம் ஆசிரியை ஒருவர் வீடு திரும்புவதில்லையாம். தலைமையாசிரியர் அறைக் கதவு சாத்தியே இருக்கிறதாம். உள்ளே நடப்பது என்ன பாடமோ, படிப்பவர் யாரோ!' பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பள்ளியில் ஆசிரியைகள் இரண்டே பேர், மற்றவருக்கு ஐம்பது வயது. எனக்கு இருபத்திரண்டு.

கதவு சாத்தியிருந்தது உண்மைதான். வெளியே பையன்கள் பந்து விளையாடுகிற சத்தம் தாங்காமல் சாத்துவோம். என் அப்பாவைவிட மூத்த அந்த மனிதரிடம் நான் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். சுதந்திரம் வரப்போகிறது, இங்கிலீஷ் தெரியாத தமிழ் ஆசிரியருக்கு இனி மதிப்பிருக்காது என்று அவரே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். இலக்கணம் பாதி முடிந்திருந்தது. ஒரு பத்தியைத் தடுமாறித் தடுமாறிப் படிப்பேன்.

பேப்பர் வந்த மூன்றாம் நாள் செரம்பானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்பா சாலை வேலையில் மண்டோர், நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். அன்று என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவிடம், "பள்ளிக்கூடத்துக்கு இனி இவ தனியா போக வேணாம்" என்றார். தலைமையாசிரியர் அடுத்த பள்ளித் தவணையே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னிடம் விடைபெறவும் அவருக்குத் துணிவில்லை. இங்கிலீஷ் அதோடு நின்றது.

தட்டு திரும்பிய வாரம் சனிக்கிழமை உங்கள் கடைக்கு வந்தது நினைவிருக்கிறதா? நீங்கள் குனிந்து எழுத்துப் பெட்டியில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் பேப்பரை உங்கள் முன்னால் வீசினேன்.

"நீங்கதான் ஆசிரியரா?"

"ஆமா. நீங்க?"

"மூணாம் பக்கத்துல இருக்கிற டீச்சர்."

நிமிர்ந்தீர்கள். பயப்படுவீர்கள் என்று நினைத்தேன். கையை மட்டும் துணியில் துடைத்துக்கொண்டீர்கள்.

"பொய்யா?"

"பொய். யாரு சொன்னா உங்களுக்கு?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"போய்க் கேட்டீங்களா?"

"கேக்கல."

அந்தப் பதிலில் ஒளிவுமறைவு இல்லாததுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டீர்கள். நான் உட்காரவில்லை. "எழுதிக் குடுங்க. அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, அதே ஆறு வரி போடறேன். என் பேப்பர்ல அது எல்லாருக்கும் உண்டு" என்றீர்கள்.

"ஆறு வரியில கெடுத்துட்டு ஆறு வரியில சரிபண்ணிடுவீங்களா?"

பட்டறையில் டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "சரி, முதல் பக்கம் முழுசும் எடுத்துக்குங்க" என்றீர்கள்.

அங்கேயே நின்று எழுதினேன். உங்களைப் பொய்யர் என்று எழுதினேன், பெயர் போட வக்கில்லாமல் பெண்ணைப் பழிக்கிற கோழை என்று எழுதினேன், நான் படித்தது இங்கிலீஷ் என்று எழுதினேன், என் பெயரையும் கீழே போட்டேன். நீங்கள் ஒரு தரம் படித்துவிட்டுப் பென்சிலை எடுத்தீர்கள். வெட்டத்தான் போகிறீர்கள் என்று பாய்ந்து வந்தேன். ஒரே ஒரு எழுத்தைத்தான் மாற்றினீர்கள். ஆத்திரத்தில் நான் 'கோளை' என்று எழுதியிருந்தேன்.

"திட்டறதுன்னா பிழையில்லாம திட்டுங்க டீச்சர். படிக்கிறவன் சிரிக்கக்கூடாது."

அந்த வாரம் அது முதல் பக்கத்தில் அப்படியே வந்தது. மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். அப்பா உட்காரச் சொல்லவில்லை. வெயிலில் கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனீர்கள். செரம்பான் சம்பந்தம் திரும்பி வரவில்லை. எனக்குக் கல்யாணம் நடந்தபோது முப்பத்து மூன்று வயது.

ஆனால் அந்த முதல் பக்கத்துக்குப் பிறகு ஊர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. பசாரில் மீன் விற்கிற கிழவிகூட, "நீதானா அந்த ஆளைக் கோழைன்னு எழுதினவ?" என்று ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தேன். இன்னொருத்திக்கு இது நடக்கக்கூடாது, அச்சேறும் முன்னால் மூன்றாம் பக்கத்தை நான் பார்க்க வேண்டும் என்றேன். "பாருங்க. வெட்ட விடமாட்டேன். கேள்வி கேக்கலாம்" என்றீர்கள். நான் கேட்டது எல்லாம் அன்று கேட்ட அதே கேள்விகள்தான். யார் சொன்னது? நீங்கள் பார்த்தீர்களா? போய்க் கேட்டீர்களா? மூன்று மாதத்தில் அந்தப் பத்தி பாதியாகச் சுருங்கியது. விற்பனையும் குறைந்தது. அதற்காக என்னிடம் நீங்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பிழை திருத்தும் புரூப் வேலை முழுவதையும் என்னிடமே தள்ளினீர்கள். அப்போதுதான் உங்களை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன். நீங்கள் மட்டும் கடைசிவரை டீச்சர்தான்.

பண்டா ஹிலிர் திடலில் சுதந்திர நாளை அறிவித்த ஆண்டு அது. ஊரெல்லாம் மெர்டேக்கா, விடுதலை என்றே பேச்சு. வெள்ளைக்காரர்கள் ரப்பர் பால் எடுக்கும் தங்கள் கித்தாத் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். புக்கிட் காதிலுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி முப்பது குடும்பங்களுக்கு ஓலை வந்தது. நீங்கள் நேரில் போனீர்கள். வீடு வீடாக ஏறிக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தீர்கள். வாங்கியவர்களின் பெயர்களைத் தேடி எடுத்தீர்கள். ஐந்து பேரில் ஒருவர் எங்கள் பள்ளி வாரியத் தலைவர். மெர்டேக்கா விழாக் குழுவிலும் மாலை போட்டுக்கொண்டு முன்னால் நின்றவர்.

அந்தப் புரூப்பை இரண்டு முறை படித்தேன். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். "பாத்தேன், கேட்டேன், பத்திரத்தைத் தொட்டும் பாத்தேன்" என்று சிரித்தீர்கள். ஐந்து பெயரும் முதல் பக்கத்தில் வந்தன.

அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த நாட்கள் அவை. அச்சகத்துக்கு ஆண்டுதோறும் பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். 'எறும்பு' ஆபாசப் பத்திரிகை, குடும்பப் பெண்களைக் கெடுக்கிறது என்று மனு போனது. தோட்டத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. மனுவுக்குச் சாட்சி வேண்டுமல்லவா? வாரியத் தலைவர் வகுப்பறைக்கே வந்தார். பிள்ளைகளை வெளியே அனுப்பினார்.

"உன் வாழ்க்கையைக் கெடுத்தவன்மா அவன். நடந்ததை நடந்தபடி சொன்னா போதும். பொய் சொல்லச் சொல்லலியே" என்றார். பிறகு போகிற போக்கில், "உன் வேலை இன்னும் நிரந்தரமாகலைல்ல?" என்றார்.

அன்று மாலையே உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் போகாதே என்று சொல்வீர்கள், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம் என்று வந்தேன். நீங்கள் சொல்லவில்லை.

"நடந்தது உண்மைதானே டீச்சர்? போய்ச் சொல்லுங்க. உங்க வாயை நான் பொத்தினா அப்புறம் நான் என்னத்துக்குப் பேப்பர் நடத்தறேன்?"

"சொன்னா உங்க பெர்மிட் போயிடும்."

"முழுசையும் சொல்லுங்க. அவ்வளவுதான்."

போனேன். எந்த அலுவலகம், யார் அதிகாரி என்று இப்போது சொல்லி யாருக்கு என்ன? மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்க்கத் தமிழ்க் குமாஸ்தா ஒருவர். ஒரு மணி நேரம் பேசினேன். ஆறு வரியைச் சொன்னேன். முதல் பக்கத்தைச் சொன்னேன். நீங்கள் வெயிலில் நின்றதைச் சொன்னேன். சனிக்கிழமைகளைச் சொன்னேன். இந்த மனு எந்தத் தோட்டத்துக்காக வந்தது என்பதையும் சொன்னேன். குமாஸ்தா தலையாட்டிக்கொண்டே தட்டச்சு செய்தார். ஒரே ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். இங்கிலீஷ்.

"நீங்க சொன்னதுதான்மா. இங்க ஒரு கையெழுத்து."

இவ்வளவு பேசினேனே, ஒரே தாளா என்று ஒரு கணம் தோன்றியது. எழுத்துகளைப் பார்த்தேன். என் பெயர் புரிந்தது, பள்ளிக்கூடம் என்பது புரிந்தது. மிச்சம் ஓடவில்லை. படித்துக் காட்டுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது, டீச்சர் என்று வேறு சொல்லியிருந்தேன். கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் விசாரணையில் அதை உரக்கப் படித்தார்களாம். ஆறு வரியும் செரம்பானும் மட்டுமே அதில் இருந்தன. பெர்மிட் போனது. லாரி வந்து எழுத்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனதைச் சைக்கிள்காரர்தான் எனக்குச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. மெர்டேக்காவுக்கு முந்தைய மாதம் முப்பது குடும்பங்களும் லயத்தை விட்டு வெளியேறின. கொடி ஏறிய அன்று எழுத உங்களிடம் பேப்பர் இல்லை.

எனக்கு மட்டும் நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. நான் கேட்கவில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. முப்பது ஆண்டு அந்த வேலையில் இருந்தேன், அண்ணே.

காட்டிக்கொடுத்தவள் என்று பேசினார்கள். பசாரில் என்னைக் கண்டதும் பேச்சு நிற்கும். அப்போதுதான் நீங்கள் பள்ளி விடுகிற நேரத்தில், அத்தனை பெற்றோரும் நிற்கும்போது வாசலில் வந்து நின்றீர்கள். "டீச்சர், ரெண்டு சனிக்கிழமையா ஏன் வரல?" என்று சத்தமாகக் கேட்டீர்கள்.

"கடைதான் மூடியாச்சே அண்ணே."

"சைக்கிள் கடையில ரெண்டு ஸ்டூல் இருக்கு. வாங்க."

வந்தேன். புரூப் இல்லை, பேச்சுதான். தர்ஷினியிடம் இதையும் சொன்னேன். இதுவும் படத்தில் இல்லை. ஆறு வரி இல்லாவிட்டால் இதற்கு இடமில்லைதான்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் குமாஸ்தாவின் மேல்கூட இப்போது கோபம் மிச்சமில்லை. ஆனால் அலுப்பாக இருக்கிறது. வாழ்க்கையில் இரண்டு முறை உங்களைப் பற்றி முழுசாகச் சொன்னேன். ஒருவர் கெட்ட பாதியை எடுத்துக்கொண்டு உங்கள் கடையை மூடினார். இன்னொருத்தி நல்ல பாதியை எடுத்துக்கொண்டு உங்களுக்கு ஆறடி உயரம் கொடுத்தாள். கைதட்டியவர்களில் ஒருவருக்கும் உங்களைத் தெரியாது. தப்பாக எழுதிவிட்டு, தன்னைக் கோழை என்று எழுதியதற்கே எழுத்துப் பிழை திருத்தி அச்சுப் போட்ட மனிதரைத் தெரியாது. அதைவிடப் பெரிய பேச்சுரிமையை நான் எங்கும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அது புரியும்படி எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லையோ என்னவோ.

உங்களைக் கடைசியாகப் பார்த்தது உஜோங் பாசிரில், உங்கள் தங்கை வீட்டில். மெர்டேக்கா கழிந்து ஐந்தாறு வருடம் இருக்கும். ஜன்னல் பக்கம் கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலே தெரிந்தது. எத்தனையோ சனிக்கிழமை பேசியும் கேட்காததை அன்று கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் போகாம இருந்திருந்தா?"

"பெர்மிட் எப்படியும் போயிருக்கும். வேற ஆளைப் பிடிச்சிருப்பாங்க." மூச்சு வாங்கிக்கொண்டீர்கள். "போனது தப்பில்ல டீச்சர். ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு மனசுல இருக்கு. புரூப் பாக்கறவங்க நீங்க. எழுதினதைப் படிக்காம எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

கடிந்து சொல்லவில்லை நீங்கள். உண்மையாகவே புரியாமல் கேட்டீர்கள். எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் உங்களுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தங்கை வெந்நீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் முதுகைத் தடவிவிட்டேன். இருமல் அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டீர்கள். இந்த நிலைமையில் சொல்ல வேண்டாம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தேன். அடுத்த முறை வாய்க்கவில்லை.

அறுபது வருடத்துக்கு மேலாக அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். என் கணவரிடம் சொல்லவில்லை, வசந்தியிடம் சொல்லவில்லை. தர்ஷினியின் பதிவுக் கருவி முன்னால்கூட அது மட்டும் வரவில்லை. உங்களுக்குச் சேர வேண்டியதை வேறு யாரிடம் கொடுப்பது?

இங்கிலீஷ் பாதியில் நின்றுபோனது, அண்ணே. அந்த ஆறு வரி வராமல் இருந்திருந்தால் அந்தத் தாளை நான் படித்திருப்பேன்.